பழைய எம்எக்ஸ்-5 காருக்கு வீல் அலைன்மென்ட்: எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்

வீல் அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து திருத்துவது. அந்தக் கடையில் வேலை முடிந்ததும் ஒரு தாளை அச்சிட்டுக் கொடுப்பார்கள். கட்டங்கள் எல்லாம் பச்சையாக இருக்கும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஓடுகிற கார் என்றால் அந்தப் பச்சையை நம்பித் திரும்பிவிடலாம். சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு அது போதாது. பச்சை என்றால் அந்தக் கோணம் தொழிற்சாலை அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த எல்லை தாராளமானது. இடது சக்கரமும் வலது சக்கரமும் கணிசமாக வேறுபட்டிருந்தாலும் இரண்டு கட்டமும் பச்சை காட்டக்கூடும். காரை வாங்கியதும் புது டயர், புது ஸ்பிரிங் என்று செலவு செய்தவர்கள் பலர், கடைசியில் அலைன்மென்ட்டை மட்டும் கடைக்காரர் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள். காரின் குணத்தை மிகக் குறைந்த செலவில் மாற்றுவது அதுதான்.

ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறது: உங்களுக்கு என்ன எண்கள் வேண்டும் என்று முடிவு செய்து, எழுதி எடுத்துப் போய்க் கேளுங்கள்.

உதாரணத்துக்கு முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்கிறேன். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை வந்த, முகப்பு விளக்கு மேலெழும்பும் அந்தக் கார். என்ஏ என்பது அதன் குறியீடு. மியாட்டா என்று அழைப்பவர்களும் உண்டு. அடுத்து வந்த என்பி காருக்கும் இதே முறைதான். இந்தக் காரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. நான்கு சக்கரங்களிலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள் (கைகள்) பிடித்திருக்கும் அமைப்பு. கேம்பர், கேஸ்டர், டோ எல்லாவற்றையும் எந்த உதிரிபாகமும் வாங்காமல், இருக்கிற போல்ட்டுகளைத் திருப்பியே மாற்றலாம். இதில் கற்றுக்கொண்டால் மற்ற கார்களைப் புரிந்துகொள்வது சுலபம்.

முதலில் மூன்று சொற்கள்

கேம்பர்: காரை முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. மேல்பக்கம் காரை நோக்கி உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது, வெளிப்பக்க டயர் தன் தோளில் ஏறி நிற்காமல் முழு அகலத்தோடு சாலையில் படிய வேண்டும். அதற்காகத்தான் நேராக ஓடும்போது கொஞ்சம் நெகட்டிவ் வைக்கிறோம். அதிகமானால் டயரின் உள் ஓரம் தேயும், நேர்கோட்டு பிரேக்கிங் குறையும்.

கேஸ்டர்: முன் சக்கரம் எந்த அச்சைப் பற்றித் திரும்புகிறதோ அந்த அச்சின் சாய்வு. பக்கவாட்டில் பார்த்தால் அதன் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கேஸ்டர் கூடினால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரும், நெடுஞ்சாலையில் கார் நேராக நிற்கும், சக்கரத்தைத் திருப்பும்போது வெளிப்பக்க டயருக்குக் கூடுதல் நெகட்டிவ் கேம்பரும் கிடைக்கும். பதிலுக்கு ஸ்டியரிங் கனக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத என்ஏ வைத்திருப்பவர்கள் இதை வண்டி நிறுத்துமிடத்தில் தோள்பட்டையில் உணர்வார்கள்.

டோ: இதற்கு உங்கள் காலையே பாருங்கள். பெருவிரல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றால் டோ-இன். வெளியே பார்த்தால் டோ-அவுட். மூன்றில் அளவு மிகச் சின்னதும், விளைவு மிகப் பெரியதும் இதுதான். டயரைச் சீக்கிரம் தின்பது கேம்பர் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோ. கேம்பர் சற்றுக் கூடினால் டயரின் உள் ஓரம் கொஞ்சம் முன்னதாகத் தேயும். டோ தவறினால் டயர் ஒவ்வொரு மீட்டரும் சாலையில் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே போகும். கையால் தடவினால் ரம்பப் பல் போலத் தட்டுப்படும்.

அளவுக் குழப்பம்

டோவைச் சிலர் மில்லிமீட்டரில் சொல்வார்கள், சிலர் அங்குலப் பின்னத்தில், சிலர் பாகையில், சிலர் பாகையின் அறுபதில் ஒரு பங்கான நிமிடத்தில். போதாக்குறைக்கு ஒருவர் சொல்வது ஒரு சக்கரத்துக்கு, இன்னொருவர் சொல்வது இரண்டுக்கும் சேர்த்த மொத்தம். புதியவர்களின் குளறுபடியில் பாதி இங்கேதான் நடக்கிறது.

என்ஏவின் அசல் டயர் 185/60 ஆர்14. அதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 578 மிமீ. அந்த விட்டத்தில் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் 1 மிமீ வித்தியாசம் என்றால் கோணம் 0.1°, அதாவது 6 நிமிடம். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் பெருக்கல்தான். "மொத்தம் பதினாறில் ஒரு அங்குலம் டோ-இன்" என்று யாராவது சொன்னால் அது 1.6 மிமீ, மொத்தம் 0.16°, ஒரு சக்கரத்துக்கு 0.08°, ஏறக்குறைய 5 நிமிடம். கடை எந்திரத்தில் 0.10 என்று இருந்தால் அது தசம பாகையா, 10 நிமிடமா என்று கேட்டுவிடுங்கள். முதலாவது 6 நிமிடம்தான். இரண்டாவது கிட்டத்தட்ட அதன் இரண்டு மடங்கு.

எழுதும்போது எப்போதும் "ஒரு சக்கரத்துக்கு" அல்லது "மொத்தம்" என்று பக்கத்தில் குறியுங்கள். இன், அவுட் என்பதையும் எழுத்திலேயே எழுதுங்கள். பிளஸ், மைனஸ் குறியை மட்டும் நம்ப வேண்டாம்.

கடைக்குப் போகும் முன்

அலைன்மென்ட் என்பது இருக்கிற பாகங்களைச் சரியான இடத்தில் நிறுத்துவது. பாகமே ஆடினால் நிறுத்தி என்ன பயன்? காரை ஜாக்கில் ஏற்றி, ஆக்ஸில் ஸ்டாண்டில் உட்கார வைத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். அப்புறம் இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். இடம் வலமாக மட்டும் ஆடினால், ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியான டை ராடின் முனையைச் சந்தேகிக்கலாம். மேல் கீழாக மட்டும் ஆடினால், ஆர்மின் வெளிமுனையைச் சக்கரத்தோடு இணைக்கும் குண்டு மூட்டான பால் ஜாயின்ட். எப்படிப் பிடித்தாலும் ஆடினால் வீல் பேரிங். ஆர்ம்களின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்கள் வெடித்துப் பிதுங்கியிருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். என்ஏ கார்களில் மிக இளையதற்கே வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. முதல் ரப்பரே இன்னும் இருந்தால் அது களைத்துத்தான் போயிருக்கும்.

ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். டபுள் விஷ்போன் காரில் உயரம் இறங்கினால் நெகட்டிவ் கேம்பர் கூடும், டோவும் நகரும். உயரம் மாற்றும் காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இருப்பது) போட்டவர்கள் நான்கு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து, இடதும் வலதும் சமமாக்கிய பிறகே அலைன்மென்ட்டுக்குப் போக வேண்டும். ஆர்ம்களின் போல்ட்டைக் காரைத் தூக்கி வைத்த நிலையில் இறுக்குவதும் தவறு. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். உயரமும் பொய்யாகும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். தரையில் நிற்கும் உயரத்தில்தான் கடைசி இறுக்கு.

டயர் காற்று நான்கிலும் சரியாக இருக்கட்டும். அசல் அளவு டயருக்கு மஸ்டா சொன்னது 26 பிஎஸ்ஐ. பெட்ரோல் அரை டேங்க். டிக்கியில் இருக்கும் சாமான்களை இறக்கிவிடுங்கள்.

இப்போது இந்தக் காரின் உண்மையான வில்லன்: துருப்பிடித்து இறுகிய கேம் போல்ட். முன்னும் பின்னும் ஒவ்வொரு லோயர் ஆர்மின் உள்முனையிலும் இரண்டு போல்ட்டுகள், மொத்தம் எட்டு. அவற்றின் தலையோடு மையம் விலகிய ஒரு வட்டத் தட்டு இருக்கும். போல்ட்டைத் திருப்பினால் தட்டு ஆர்மை உள்ளே வெளியே தள்ளும். கோணம் மாறுவது இப்படித்தான். மழையும், குளிர்நாடுகளில் சாலையில் தூவும் உப்பும் பல வருடம் பட்டால் போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் கடைக்குப் போனால் "முன் டோ மட்டும் செய்தோம், மற்றது அசையவில்லை" என்று சொல்லி முழுக் கட்டணமும் வாங்கிக்கொள்வார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

அதனால் நீங்களே முன்கூட்டிச் சோதியுங்கள். கடைக்குப் போகும் சில நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெயைப் போல்ட்டின் இரு முனைகளிலும் அடித்து வாருங்கள். அப்புறம் இப்போதிருக்கும் நிலையைத் தட்டிலும் ஃபிரேமிலும் பெயின்ட்டால் கோடிட்டுக் குறியுங்கள். நட்டைத் தளர்த்தி, போல்ட்டின் தலையை மெதுவாக இருபுறமும் திருப்பிப் பாருங்கள். சுழன்றால் நல்லது, பழைய கோட்டுக்கே கொண்டுவந்து இறுக்கிவிடுங்கள். போல்ட் முறுக்கேறித் திரும்பி வந்தால், அது உள்ளே ஒட்டியிருக்கிறது. நீளக் குழாய் போட்டுத் திருகினால் உடையத்தான் செய்யும். வெட்டி எடுத்து, புது போல்ட்டும் புது புஷ்ஷும் போடுவதே வழி. செலவுதான், ஆனால் வேறு குறுக்குவழி கிடையாது. புதுசு போடும்போது ஆன்டி-சீஸ் பசை தடவிப் போட்டால் அடுத்த முறை இந்தப் பாடு இருக்காது.

எந்த எண்களைக் கேட்பது?

காரை எதற்கு ஓட்டுகிறீர்கள் என்பதே கேள்வி. அன்றாடம் ஓட்டி, வார இறுதியில் மலைப்பாதைக்குப் போகிறவர் என்றால் இதிலிருந்து தொடங்கலாம்:

முன்: கேஸ்டர் 4.5° முதல் 5° வரை. கேம்பர் −1.0°. டோ மொத்தம் 0 முதல் 1.5 மிமீ இன்.
பின்: கேம்பர் −1.5°. டோ மொத்தம் 1.5 முதல் 3 மிமீ இன்.

பின் கேம்பர் முன்னைவிட அரை பாகை அதிகம் என்பதைக் கவனித்தீர்களா? முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் (வீல்பேஸ்) 2,265 மிமீ, பின்சக்கர இயக்கம். இப்படிப்பட்ட குட்டைக் கார் மழையில் பின்பக்கம் வழுக்கினால் திருத்தக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. பின் டயருக்குக் கொஞ்சம் கூடுதல் பிடிப்பு கொடுத்தால், எல்லை மீறும்போது முன்பக்கம் முதலில் வழுக்கும். புதியவருக்கு அது பாதுகாப்பு. பின் டோ-இன் இருப்பதும் அதற்காகவே. பின் சக்கரங்களுக்கு டோ-அவுட் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வைக்க வேண்டாம்; வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் கார் சுழன்றுவிடக்கூடும்.

காரைப் பழகியவர், இன்னும் கூர்மை வேண்டும் என்று நினைப்பவர் முன் கேம்பரை −1.5° வரையும், பின் கேம்பரை −1.75° முதல் −2.0° வரையும் கொண்டுபோய், முன் டோவைச் சரியாக 0 வைக்கலாம். முன்னும் பின்னும் வித்தியாசம் குறையக் குறைய கார் சுறுசுறுப்பாகும், மன்னிக்கும் குணமும் குறையும். சிலர் முன்பக்கம் லேசாக டோ-அவுட் வைப்பார்கள். ஸ்டியரிங்கை அசைத்ததும் மூக்கு பாயும். நெடுஞ்சாலையில் ஒவ்வொரு பள்ளத்தையும் தேடிப் போகும். ரேஸ் டிராக்குக்கு மட்டும் என்றால் சரி.

டிராக் ஓட்டம் தனி உலகம். ஒட்டும் டயர் போட்டவர்கள் −2.5° அதற்கு மேலும் கேட்பார்கள். அசல் கேம் போல்ட்டில் முன்பக்கம் அந்த அளவுக்கு இடம் இருக்காது. கேம்பரைக் கடைசி வரை இழுத்தால் கேஸ்டரை இழக்க வேண்டியிருக்கும். இரண்டும் ஒரே இரண்டு போல்ட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்தக் கட்டத்தில் டயரின் உள், நடு, வெளி மூன்று இடங்களிலும் வெப்பம் அளந்து முடிவு செய்வதுதான் முறை. உள் ஓரம் வெளி ஓரத்தைவிடச் சற்று சூடாக இருந்தால் நல்லது. வெளி ஓரம் அதிகச் சூடு என்றால் கேம்பர் போதவில்லை.

கடையைத் தேர்ந்தெடுப்பது

போனில் மூன்று கேள்வி கேளுங்கள். நான் தரும் எண்களுக்கு வைப்பீர்களா? பின் சக்கரங்களின் கேம்பரும் டோவும் திருத்துவீர்களா? ஓட்டுநர் இருக்கையில் எடை வைத்து அளக்க ஒப்புவீர்களா? முதல் இரண்டுக்கும் தயங்காமல் ஆம் என்று பதில் வந்தால் போதும். மூன்றாவதுக்குச் சிரித்தாலும் பரவாயில்லை, செய்தால் சரி. ஏறக்குறைய ஆயிரம் கிலோவே உள்ள காரில் 75 கிலோ ஆள் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் இறங்குவது அளவில் தெரியும். பெரும்பாலும் தனியாக ஓட்டுகிறீர்கள் என்றால் உங்கள் எடைக்கு மணல் மூட்டையோ தண்ணீர்க் கேனோ இருக்கையில் வையுங்கள்.

நான்கு சக்கரத்தையும் ஒன்றாக அளக்கும் எந்திரம் வேண்டும். முன்னால் மட்டும் அளக்கும் கடை இந்தக் காருக்கு உதவாது. எந்திரத்தின் விலையைவிட அதை ஓட்டும் ஆளின் பொறுமை முக்கியம். கூட்டம் இல்லாத வாரநாள் காலையில் போங்கள்.

வேலை நடக்கும் வரிசை

ரிம்மில் கருவிகளை மாட்டியதும் காரை முன்னும் பின்னும் சற்று உருட்டுவார்கள். ரிம் கோணலாக இருந்தால் அதைக் கணக்கில் கழிப்பதற்காக அது. அதைத் தவிர்த்தால் மற்ற எல்லா எண்ணும் சந்தேகம். முதல் அளவு வந்ததும் திருத்துவதற்கு முன்பே அச்சிடச் சொல்லுங்கள். பழைய நிலை தெரியாமல் மாற்றத்தின் பலனை எப்படிச் சொல்வது?

வேலை பின் சக்கரத்தில் தொடங்க வேண்டும். பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து எந்தத் திசையைப் பார்க்கின்றனவோ அந்தத் திசையில்தான் கார் போகும். இடது பின் டோ 0.20° இன், வலது 0° என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 0.20° என்பதால் தாளில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பின்னச்சு 0.10° வலப்பக்கம் பார்க்கிறது. கார் லேசாகப் பக்கவாட்டில் நகர்ந்தபடி போகும், நேராகப் போக ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருக்கும். தாளில் "திரஸ்ட் ஆங்கிள்" என்ற வரி இதைத்தான் சொல்கிறது. அது 0 ஆக இருக்க வேண்டும்; 0.05° வரை பொறுத்துக்கொள்ளலாம்.

பின் லோயர் ஆர்மின் இரண்டு போல்ட்டையும் ஒன்றாக வெளியே தள்ளினால் சக்கரத்தின் அடிப்பகுதி வெளியே வரும், நெகட்டிவ் கேம்பர் கூடும். முன் போல்ட்டை உள்ளேயும் பின் போல்ட்டை வெளியேயும் நகர்த்தினால் டோ-இன் கூடும். ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும், ஆகவே இங்கே பொறுமை வேண்டும்.

அடுத்தது முன் கேஸ்டரும் கேம்பரும். அதே கதைதான். இரண்டு போல்ட்டும் வெளியே போனால் நெகட்டிவ் கேம்பர். முன் போல்ட் உள்ளேயும் பின் போல்ட் வெளியேயும் போனால் கீழ் பால் ஜாயின்ட் முன்னால் நகர்ந்து கேஸ்டர் கூடும். கேட்ட எண் ஒரு பக்கம் கிடைத்து மறுபக்கம் கிடைக்காமல் போகலாம். பழைய கார், எங்கேயோ ஒரு பள்ளத்திலோ நடைமேடையிலோ இடித்திருக்கும். அப்போது கிடைத்த பக்கத்தைக் குறைத்து இரண்டையும் சமமாக்கச் சொல்லுங்கள். இடதும் வலதும் −1.2° இருப்பது, ஒன்று −1.5° மற்றது −1.1° என்று இருப்பதைவிட எவ்வளவோ மேல். இரு பக்க வித்தியாசம் கேம்பரில் 0.2°, கேஸ்டரில் 0.3° அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முன் டோ எப்போதும் கடைசி. கேம்பரும் கேஸ்டரும் மாறினால் டோவும் மாறும் என்பதால் முதலில் வைத்தது வீணாகிவிடும். ஸ்டியரிங்கை நேராகப் பூட்டிவிட்டு, பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சின் ஓடும்போது நடுநிலைக்குக் கொண்டுவந்து பூட்டி, இரண்டு டை ராடையும் திருத்த வேண்டும். ஒரு பக்க டை ராடை மட்டும் திருகி மொத்த டோவைச் சரிக்கட்டினால் ஸ்டியரிங் கோணலாகிவிடும். டை ராட் சுழலும்போது, அதைத் தள்ளும் ஸ்டியரிங் ரேக்கின் ரப்பர் உறையும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளாமல் அதன் கிளிப்பைத் தளர்த்தினார்களா என்று ஒரு பார்வை பாருங்கள்.

எல்லா நட்டுகளையும் இறுக்கிய பிறகு மறுபடி அளந்து அச்சிடச் சொல்லுங்கள். கேம் போல்ட் இறுக்கும்போது கொஞ்சம் நகர்வது வழக்கம்.

வீட்டில் நூல் கட்டிச் சரிபார்ப்பது

எந்திரம் இல்லாமலும் டோவைத் துல்லியமாக அளக்கலாம். ரேஸ் மைதானங்களில் இன்றும் இதுதான் நடக்கிறது. தேவை: சமமான தரை, நான்கு ஆக்ஸில் ஸ்டாண்ட், மீன்பிடி நரம்பு, ஸ்டீல் ஸ்கேல், ஒரு டிஜிட்டல் கோணமானி.

தரை சமமா என்பதைத் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகு குழாயால் பாருங்கள், கொத்தனார் பார்ப்பது போலவே. தாழ்ந்த சக்கரத்தின் அடியில் டைல்ஸ் துண்டோ பிளைவுட்டோ வைத்துச் சமமாக்கலாம். ஜாக்கில் ஏற்றி இறக்கிய காரை அப்படியே அளக்கக் கூடாது. டயர் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு கார் உயரமாக நிற்கும். சில மீட்டர் முன்னும் பின்னும் தள்ளிக் கொண்டுவாருங்கள். அதற்கு இடமில்லை என்றால் ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் இரண்டு தகடு, நடுவே கிரீஸ்.

காரின் இரு பக்கமும் ஸ்டாண்டுகளில் சக்கர மையத்தின் உயரத்தில் நரம்பைக் கட்டி இழுங்கள். நரம்பு காருக்கு இணையாக இருக்க வேண்டும், டயருக்கு இணையாக அல்ல. இந்தக் காரில் பின் சக்கரங்களின் இடைவெளி முன்னைவிடச் சற்று அதிகம். ஆகவே நரம்புக்கும் சக்கர மையத்துக்கும் உள்ள தூரம் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்காது. முன் இடதும் முன் வலதும் சமம், பின் இடதும் பின் வலதும் சமம். இதுதான் விதி. ஒரு முனையைத் தொட்டால் மறுமுனை நகரும். சலிக்காமல் மாறி மாறிச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் ரிம்மின் முன்விளிம்பிலிருந்து நரம்புவரை, பின்விளிம்பிலிருந்து நரம்புவரை அளங்கள். முன்விளிம்பு நரம்பிலிருந்து அதிகத் தூரம் என்றால் டோ-இன். 14 அங்குல ரிம்மின் வெளிவிளிம்பு குறுக்களவு சுமார் 380 மிமீ. அதனால் இங்கே 1 மிமீ என்பது 0.15°, அதாவது 9 நிமிடம். டயரில் சொன்ன 0.1° கணக்கை ரிம்மில் போட்டால் தேவைக்கு மேல் டோ வைத்துவிடுவீர்கள்.

கேம்பருக்கு, கோணமானியை முதலில் தரையில் சுழியமாக்கி, ரிம்மின் மேல் கீழ் விளிம்புகளைத் தொடும் நேரான அலுமினியச் சட்டத்தில் வையுங்கள். கேஸ்டரை, சக்கரத்தை 20° உள்ளேயும் 20° வெளியேயும் திருப்பி, இரு கேம்பர்களின் வித்தியாசத்தை ஒன்றரையால் பெருக்கிக் கண்டுபிடிக்கலாம். இதைக் கடைக்கே விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஓட்டிப் பார்க்கும்போது

இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் மழைநீர் வடிய சாலை இடப்பக்கம் சரிந்திருக்கும். கார் மெதுவாக இடப்பக்கம் போவது இயல்பு. வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் அதன் எதிர்ப்பக்கம். சரிவு இல்லாத, காலியான இடத்தில் ஓட்டி, பிறகு முடிவு செய்யுங்கள்.

அங்கேயும் ஒரு பக்கம் இழுக்கிறது, தாளில் எண்கள் சமமாக இருக்கின்றன என்றால் முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போடுங்கள் (ஒரு திசையில் மட்டும் சுழலும் டயர் என்றால் இந்தச் சோதனை பொருந்தாது). இழுப்பு மறுபக்கம் மாறினால் குற்றம் டயரில் இருக்கிறது, அலைன்மென்ட்டில் இல்லை. மாறவில்லை என்றால், ஓட்டிய பிறகு நான்கு ரிம்மின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய மியாட்டாவில் பிரேக் கேலிப்பர் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

ஸ்டியரிங் கோணல், கார் நேர் என்றால் மறுபடி கடைக்குப் போய் டை ராடைத் திருத்தச் சொல்ல வேண்டும். ஸ்டியரிங் வீலைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் அலைபாய்ந்தால் முன் டோ-அவுட்டோ குறைந்த கேஸ்டரோ இருக்கலாம். வளைவுக்குள் நுழையும்போது மூக்கு வெளியே தள்ளினால் முன் கேம்பரைக் கால் பாகை கூட்டிப் பார்க்கலாம். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

வேறு கார் வைத்திருப்பவர்களுக்கு

டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் கார்களில் முன்பக்கம் ஸ்ட்ரட், அதாவது மேல் ஆர்முக்குப் பதிலாக ஷாக் அப்சார்பரே சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் அமைப்பு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது முன் டோவும் பின் டோவும்தான் திருத்த முடியும். முன் கேம்பர் வேண்டுமென்றால் கேம்பர் போல்ட்டோ மேல் தட்டோ வாங்க வேண்டும். போர்ஷே 911, பாக்ஸ்டர் கார்களில் முன் ஸ்ட்ரட்டின் மேல் தட்டைத் துளைகளுக்குள் நகர்த்திக் கொஞ்சம் கேம்பர் எடுக்கலாம். லோட்டஸ் எலிஸில் ஷிம் தகடுகளை எடுத்தோ சேர்த்தோ கேம்பர் மாற்றுவார்கள். அதற்குப் பழகிய கை வேண்டும், அந்தக் காரை அறிந்த கடைக்கே போங்கள். எந்தக் கார் என்றாலும் வரிசை ஒன்றுதான்: பின் முதலில், முன் டோ கடைசியில்.

திரும்ப எப்போது?

சஸ்பென்ஷனில் எதைக் கழற்றி மாட்டினாலும், பள்ளத்தில் ரிம் வளையும் அளவுக்கு இடி விழுந்தாலும் உடனே. புது புஷ் போட்டிருந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடி அது படிந்த பிறகு ஒரு முறை. மற்றபடி வருடத்துக்கு ஒரு முறை போதும். இடையில் மாதம் ஒரு தடவை காற்று பார்க்கும்போது, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, முன் டயரின் உள் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பின் டயரின் உள் ஓரத்தைப் பார்க்கத் தரையில் படுக்கத்தான் வேண்டும். கார் சின்னது, வேறு வழியில்லை.